குரோவேசியச் செர்பியர்களின் எஸ்.டி.எஸ்.எஸ். கட்சி: மூன்று இடங்களால் எதைப் பெற முடிந்தது?

ஆனைமலையான்:

குரோவேசிய நாடாளுமன்றமான சபோரில் 151 இடங்கள் உள்ளன. அவற்றில் 8 இடங்கள் தேசியச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கப்பட்டவை. அந்த எட்டில் மூன்று செர்பியர்களுக்கு உரியவை. 2003 முதல் 2024 வரை நடந்த ஏழு பொதுத்தேர்தல்களிலும் அந்த மூன்று இடங்களையும் ஒரே கட்சிதான் வென்றிருக்கிறது. அது சுதந்திர ஜனநாயக செர்பியக் கட்சி, சுருக்கமாக எஸ்.டி.எஸ்.எஸ். மொழியியல் பேராசிரியரான மிலோராட் புபோவாட்ஸ் 2017 முதல் அதன் தலைவர்.

இந்தக் கட்சி பல ஆண்டுகள் கைகோத்து நின்றது எச்.டி.இசட். எனப்படும் குரோவேசிய ஜனநாயக ஒன்றியத்துடன். ஃபிரான்யோ தூஜ்மன் தோற்றுவித்த கட்சி அது. யூகோஸ்லாவியாவிலிருந்து குரோவேசியா பிரிந்தபோது 1991 முதல் 1995 வரை நடந்த போரில் செர்பியப் படைகளை எதிர்த்து நின்ற அரசை நடத்தியதும் அதே கட்சிதான். போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த மக்களின் கட்சி, வென்ற கட்சியின் அரசைத் தன் மூன்று வாக்குகளால் தாங்கிப் பிடித்தது. 2024-இல் அந்த உறவு அறுந்தது. இத்தனை ஆண்டுக் கணக்கில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதை விவரம் அறிந்தவர்கள் எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.

தாமிரபரணி:

கட்சி பிறந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது. அதன் குணம் அங்கேயே தீர்மானமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

1991 கணக்கெடுப்பின்படி குரோவேசியாவில் 5,81,663 செர்பியர்கள் வாழ்ந்தனர், மக்கள்தொகையில் 12.2 சதவீதம். 1990 டிசம்பரில் வந்த புதிய அரசியலமைப்பு, அதுவரை குடியரசை அமைத்த மக்களினங்களுள் ஒன்றாகக் கருதப்பட்ட அவர்களைச் சிறுபான்மையினர் வரிசையில் வைத்தது. அதற்கு முன்பே, அவ்வாண்டு பிப்ரவரியில், க்னின் நகரில் யோவான் ரஷ்கோவிச் தலைமையில் செர்பிய ஜனநாயகக் கட்சி உருவாகியிருந்தது. (ரஷ்கோவிச் ஒரு மனநல மருத்துவர், பொஸ்னியாவில் அதே பெயர் கொண்ட கட்சியை நடத்திய ராடோவான் கராஜிச்சும் மனநல மருத்துவரே. இதை என்னவென்று சொல்வது?) அந்தக் கட்சி விரைவிலேயே ரஷ்கோவிச்சின் கையை விட்டுப் போய், தனிநாட்டுப் பாதையில் சென்று, 1995 ஆகஸ்டில் குரோவேசியப் படை நடத்திய ‘புயல்’ நடவடிக்கையோடு அதன் கதை முடிந்தது. ஏறக்குறைய இரண்டு லட்சம் செர்பியர்கள் சில நாள்களுக்குள் டிராக்டர்களிலும் வண்டிகளிலும் நாட்டை விட்டு வெளியேறினார்கள்.

வுகோவாரை உள்ளடக்கிய கிழக்கு ஸ்லவோனியா மட்டும் போரின்றிக் கைமாறியது. 1995 நவம்பர் 12 அன்று கையெழுத்தான எர்தூத் ஒப்பந்தத்தின்படி அப்பகுதி ஐக்கிய நாடுகள் நிர்வாகத்தின் கீழ் வந்து, 1998 ஜனவரி 15 அன்று முழுமையாகக் குரோவேசியாவோடு இணைந்தது. அந்த இடைக்காலத்தில், 1997-இல், அங்கே நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலை முன்னிட்டு உருவானதுதான் எஸ்.டி.எஸ்.எஸ். அதன் முதல் தலைவர் வுகோவாரைச் சேர்ந்த மருத்துவர் வொயிஸ்லாவ் ஸ்டானிமிரோவிச். ‘இந்த நாட்டுக்குள்தான் இனி வாழப் போகிறோம், இதன் சட்டத்துக்குள் எதைப் பெற முடியுமோ அதைப் பெறுவோம்’ என்ற முடிவை எடுத்தவர்களின் கட்சி அது. அதற்கு வேறு வழி இருந்ததா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே அது எச்.டி.இசட். உடன் பேசியதைக் கொள்கைத் துறவு என்று நான் கருதமாட்டேன். பிறந்தபோதே அதற்கு இடப்பட்ட வேலை அதுதான்.

புத்தகப்பூச்சி:

தாமிரபரணி சொன்ன வரலாறு சரியானது. ஆனால் ‘ஏழு தேர்தல்களிலும் மூன்று இடங்கள்’ என்பதை மக்கள் செல்வாக்கின் சான்றாக மட்டும் படிக்கக் கூடாது. தேர்தல் முறை எப்படி இயங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

குரோவேசியாவில் பொதுத் தொகுதிகள் பத்து; வெளிநாட்டில் வாழ்வோருக்குப் பதினோராவது; சிறுபான்மையினருக்கு நாடு முழுவதையும் ஒன்றாகக் கொண்ட பன்னிரண்டாவது தொகுதி. செர்பிய வாக்காளர் ஒருவர் வாக்குச்சாவடியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: தம் ஊரின் பொதுத் தொகுதிச் சீட்டு, அல்லது சிறுபான்மைச் சீட்டு. இரண்டிலும் வாக்களிக்க இயலாது. 2010-இல் இதை மாற்றுவதற்காகக் கொண்டுவரப்பட்ட திருத்தங்களை அரசியலமைப்பு நீதிமன்றம் 2011-இல் நீக்கிவிட்டது. ஆகவே, அடுத்த பிரதமர் யார் என்பதில் அக்கறை கொண்ட, தலைநகர் ஜாக்ரெப்பில் வாழும் செர்பியர் ஒருவர் பொதுச் சீட்டை எடுத்துக்கொண்டு இடதுசாரிக் கட்சிக்கு வாக்களித்துவிட்டுப் போவது இயல்பே.

சிறுபான்மைச் சீட்டை எடுப்பவர் மூன்று வேட்பாளர்கள் வரை குறியிடலாம். அதிக வாக்குப் பெறும் மூவர் வெற்றி பெறுவார்கள். விகிதாசாரக் கணக்கு இதில் கிடையாது. ஒரு கட்சிக்கு மற்றவர்களை விடச் சற்றே கட்டுக்கோப்பான வாக்குத் தளம் இருந்தால் போதும், மூன்று இடங்களும் அதற்கே போகும். எதிரணிக்கு மூன்றில் ஒரு பங்கு ஆதரவு இருந்தாலும் ஓர் இடம்கூடக் கிடைக்காது. எனவே ‘செர்பியர்கள் அனைவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்’ என்ற தோற்றத்தில் பாதி, வாக்குச்சீட்டின் அமைப்பால் உண்டானது.

ஒதுக்கீடு இல்லாத களத்தில் கட்சி தன்னைச் சோதித்துப் பார்த்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அது பொதுப் பட்டியலில் நின்றது. குரோவேசியாவில் செர்பியராக இருப்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா எனக் கேட்கும் சுவரொட்டிகளை ஊர் ஊராக ஒட்டினார்கள். பல இடங்களில் அவை கிழிக்கப்பட்டன, வெறுப்பு வாசகங்கள் எழுதப்பட்டன. கேள்விக்கான விடை சுவரொட்டியின் மேலேயே கிடைத்துவிட்டது. இடம் ஒன்றும் கிடைக்கவில்லை.

கயல்விழி:

வாக்குமுறை பற்றிய விளக்கத்துக்கு நன்றி. ஆனால், புத்தகப்பூச்சி அவர்களே, மூன்று இடங்களும் ஒரே கையில் இருந்ததால்தான் பேரம் பேச முடிந்தது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மூவரும் மூன்று கட்சிகளில் இருந்திருந்தால் எச்.டி.இசட். மூவரையும் தனித்தனியே விலை பேசி முடித்திருக்கும்.

2003-இன் சூழலைப் பாருங்கள். எச்.டி.இசட். தலைவர் ஈவோ சனாடரிடம் பெரும்பான்மை இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் குரோவேசியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்திருந்தது. அகதிகள் திரும்புவதும் சிறுபான்மையினர் நடத்தப்படும் விதமும் பிரஸ்ஸல்ஸ் உற்றுப் பார்க்கும் விஷயங்களாக இருந்தன. அப்போதுதான் எஸ்.டி.எஸ்.எஸ். உடன் எழுத்து மூலமான உடன்பாடு ஏற்பட்டது. வீடுகளைத் திருப்பித் தருவது, இடிந்த வீடுகளைக் கட்டித் தருவது, திரும்பி வந்தோரின் கிராமங்களுக்கு மின்சாரம், அரசு வேலைகளில் சிறுபான்மையினருக்கு உரிய பங்கு ஆகியவையே அப்போதைய பேச்சுகளின் மையம். 2004 ஜனவரியில் செர்பியர்களின் கிறிஸ்துமஸ் வரவேற்புக்கு நேரில் சென்ற சனாடர், அவர்களது மரபுப்படி ‘கிறிஸ்து பிறந்தார்’ என்று வாழ்த்தினார். எச்.டி.இசட். தலைவர் ஒருவரின் வாயிலிருந்து அந்தச் சொற்கள் வந்தது, 1995-க்குப் பிறகான அந்நாட்டு அரசியலில் சிறிய நிகழ்ச்சி அன்று. 2008-இல் எஸ்.டி.எஸ்.எஸ். சார்பில் ஸ்லோபோடான் உசேலாட்ஸ் துணைப் பிரதமரானார்.

மலைக்கிராமத்தில் தனியே வாழும் எழுபது வயது மூதாட்டிக்கு மின்கம்பம் வந்து சேர்வதுதான் அரசியல். அதைப் பெற்றுத் தந்த கட்சியைப் ‘போரில் வென்றவனோடு சேர்ந்தவர்கள்’ என்று தூரத்திலிருந்து எழுதுவது எளிது.

புத்தகப்பூச்சி:

மின்கம்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை, கயல்விழி அவர்களே. ஆனால் அந்த மூதாட்டிகள் இறந்துகொண்டிருக்கிறார்கள், இளையவர்கள் திரும்பவில்லை. 2001-இல் 2,01,631 செர்பியர்கள், 2011-இல் 1,86,633, 2021-இல் 1,23,892, அதாவது 3.2 சதவீதம். கடைசிப் பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அதே பத்தாண்டின் பிற்பகுதி முழுவதும் எஸ்.டி.எஸ்.எஸ். எச்.டி.இசட். அரசுக்கு ஆதரவாகவே இருந்தது. நகரங்களில் யூகோஸ்லாவியக் காலத்துச் சமூக உடைமைக் குடியிருப்புகளில் இருந்த செர்பியக் குடும்பங்கள் போரின்போது இழந்த குடியிருப்பு உரிமைகளுக்கு, சொந்த வீட்டுக்காரர்களுக்குக் கிடைத்த அளவு தீர்வுகூட வரவில்லை. அதற்குப் பதிலாக வந்த வீட்டு உதவித் திட்டம் மெல்ல நகர்ந்தது. நகரத்து வீட்டையும் வேலையையும் இழந்தவரைக் கைவிடப்பட்ட மலைக்கிராமத்துக்குத் திரும்பி வா என்றால் யார் வருவார்?

பழைய அஞ்சல்காரர்:

மக்கள்தொகைச் சரிவை ஒரு கட்சியின் தலையில் கட்டுவது நியாயமா? அதே பத்தாண்டில் குரோவேசியாவின் மொத்த மக்கள்தொகையும்தான் குறைந்தது. ஒன்றியத்தில் சேர்ந்ததும் குரோவேசியர்களே ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் போனார்கள். செர்பியர்களிடையே முதியோர் விகிதம் அதிகம் என்பதால் சரிவு கூடுதலாகத் தெரிகிறது.

வுகோவாரின் சிரில்லிக் (செர்பியர்களின் எழுத்து) பலகைகளைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே. என் பார்வையில் இந்தக் கட்சியின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும் இடம் அது.

2002 டிசம்பரில் நிறைவேறிய தேசியச் சிறுபான்மையினர் உரிமைகள் பற்றிய அரசியலமைப்புச் சட்டம், ஓர் ஊரில் சிறுபான்மையினர் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் அவர்களது மொழியும் எழுத்தும் அங்கே அரசு அலுவல் மொழிக்குச் சமமான பயன்பாடு பெறும் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் வுகோவாரில் செர்பியர்கள் 34.87 சதவீதம். சட்டம் தெளிவு. 2013 செப்டம்பரில் அரசு அலுவலகக் கட்டடங்களில் லத்தீன், சிரில்லிக் ஆகிய இரண்டு எழுத்துகளிலும் பலகைகள் மாட்டப்பட்டன. போர்க்கால வீரர்களின் அமைப்புகள் திரண்டு வந்து சுத்தியலால் உடைத்தன. 1991-இல் செர்பியத் தரப்பின் மூன்று மாத முற்றுகையில் தரைமட்டமான ஊர் அது. அந்தக் கோபத்துக்கு ஊற்று எதுவென்று கேட்கத் தேவையில்லை. மொழி உரிமைக்கான வரம்பைப் பாதியாக உயர்த்தக் கோரி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார்கள். அந்தப் பொதுவாக்கெடுப்பை 2014-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. ஆயினும் 2015-இல் நகர மன்றம் தன் விதிகளை மாற்றிப் பலகைகளுக்கு முடிவு கட்டியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 2013-இல் பலகைகளை மாட்டியது சமூக ஜனநாயகக் கட்சி தலைமையிலான அரசு. 2011 தேர்தலில் அந்தக் கூட்டணி 80 இடங்களை வென்றிருந்தது, எஸ்.டி.எஸ்.எஸ். வாக்கு அதற்குத் தேவைப்படவேயில்லை. சிரில்லிக் எழுத்துக்காக எடுக்கப்பட்ட மிகத் துணிச்சலான அரசு நடவடிக்கை, கட்சிக்குப் பேரம் பேசும் பலம் இல்லாத காலத்தில் நடந்தது. பிறகு 2016 முதல் 2024 வரை ஆந்த்ரேய் பிளென்கோவிச்சின் அரசுக்குக் கட்சி ஆதரவு தந்தது, பலகைகள் திரும்பவில்லை. ஆக, மூன்று வாக்குகளுக்கு விலையாக எச்.டி.இசட். கொடுத்தவை பணம், பதவி, சாலை, பள்ளி போன்ற, தன் வாக்காளர் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. வாக்காளர் பொறுக்காததை அது கொடுக்கவில்லை, கட்சியாலும் கறக்க முடியவில்லை.

2021 கணக்கெடுப்பில் வுகோவார் செர்பியர்கள் 29.73 சதவீதமாகிவிட்டார்கள். வரம்புக்குக் கீழே. சட்டப்படியான உரிமை, நடைமுறையில் நிலைபெறாமலேயே காலாவதியானது.

கயல்விழி:

அஞ்சல்காரர் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் ‘வாக்காளர் பொறுக்காததைக் கொடுக்கவில்லை’ என்பது 2020-க்குப் பொருந்தாது.

அவ்வாண்டுத் தேர்தலில் எச்.டி.இசட். அணிக்கு 66 இடங்கள். சிறுபான்மையினர் எட்டுப் பேரும் சிறு கட்சிகளின் இருவரும் சேர்ந்தபின் 76. அதாவது 151-இல் சரியாக ஒன்று கூடுதல். எஸ்.டி.எஸ்.எஸ். சார்பில் போரிஸ் மிலோஷெவிச் துணைப் பிரதமரானார். (செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் அதிபராக இருந்த மிலோஷெவிச்சோடு உறவு ஏதும் இல்லை, ஆனாலும் அந்தப் பெயரோடு குரோவேசிய அமைச்சரவையில் உட்கார்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.) ஆகஸ்ட் 5 அன்று, ‘புயல்’ நடவடிக்கையின் 25-ஆம் ஆண்டு வெற்றி விழாவுக்கு அவர் க்னினுக்குச் சென்றார். அந்த நடவடிக்கையைத் தொடர்ந்து கொல்லப்பட்ட முதியவர்களுள் அவருடைய பாட்டியும் ஒருவர். அரசுப் பொறுப்பில் இருந்த செர்பியப் பிரதிநிதி ஒருவர் அவ்விழாவில் கலந்துகொண்டது அதுவே முதல் முறை. அதே மாதம் 25 அன்று, 1995-இல் ஆறு செர்பிய முதியவர்கள் கொல்லப்பட்ட க்ரூபோரி என்ற சிற்றூரின் நினைவு நிகழ்ச்சிக்குப் போர்வீரர் நலத்துறை அமைச்சர் தோமோ மெத்வெத் வந்தார். அவரே முன்னாள் போர்வீரர். அரசு அதுவரை திரும்பிப் பாராத மரணங்கள் அவை. எச்.டி.இசட். வாக்காளர்களில் பலருக்கு இது கசப்பான மருந்துதான், இருந்தும் நடந்தது.

நடுக்கடல்:

இழையை இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செர்பியாவிலிருந்து தனிநாடாகப் பிரிந்த கொசோவோவோடு ஒப்பிட்டால் எஸ்.டி.எஸ்.எஸ். எந்த வகைக் கட்சி என்பது இன்னும் தெளிவாகும் என்பதால் எழுதுகிறேன்.

காகிதத்தில் பார்த்தால் கொசோவோச் செர்பியர்களின் கை ஓங்கியது. 120 இடங்களில் 10 அவர்களுக்கு உறுதி. அமைச்சரவையில் ஒரு செர்பியராவது இருந்தே ஆக வேண்டும். அரசியலமைப்பைத் திருத்தச் சிறுபான்மை உறுப்பினர்கள் இருபதின்மரில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதலும் தேவை என்பதால் பத்துப் பேர் ஒன்றாக நின்றால் திருத்தத்தைத் தடுத்துவிடலாம். ஜாக்ரெப்பின் மூவருக்கு இப்படி ஒரு தடையுரிமை கனவிலும் இல்லை.

அந்தப் பத்து இடங்களையும் 2014-இல் உருவான செர்பியப் பட்டியல் என்ற கட்சி 2019, 2021 தேர்தல்களில் முழுமையாக வென்றது. அதன் முடிவுகள் பெல்கிரேடில் எடுக்கப்படுகின்றன என்பதை அதன் ஆதரவாளர்களே பெரிதாக மறுப்பதில்லை. 2022 நவம்பரில் வாகன எண்பலகைப் பிரச்சினையில் அதன் உறுப்பினர்கள் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகினார்கள். 2023 ஏப்ரலில் செர்பியர் பெரும்பான்மையாக வாழும் வடக்கின் நான்கு நகராட்சிகளுக்கு நடந்த தேர்தலைப் புறக்கணித்தார்கள். வாக்குப்பதிவு நான்கு சதவீதத்தைக்கூட எட்டவில்லை, அல்பேனிய மேயர்கள் வந்து அமர்ந்தார்கள். செப்டம்பரில் பான்ஸ்கா கிராமத்தில் நடந்த ஆயுத மோதலுக்கு, கட்சியின் அப்போதைய துணைத்தலைவர் மிலான் ராடோயிச்சிச் தானே பொறுப்பேற்றார். 2025 பிப்ரவரித் தேர்தலில் பத்தில் ஒன்பதாகக் குறைந்தாலும் பிடி இன்னும் அவர்களிடமே.

2013 பிரஸ்ஸல்ஸ் உடன்பாட்டில் வாக்களிக்கப்பட்ட செர்பிய நகராட்சிகளின் கூட்டமைப்பு அங்கே இன்னும் உருவாகவில்லை. ஆனால் எர்தூத் ஒப்பந்தம் வாக்களித்த நகராட்சிகளின் கூட்டு மன்றம் 1997-இலேயே கிழக்கு ஸ்லவோனியாவில் அமைந்து, வுகோவாரைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் இயங்குகிறது. அதிகாரம் பெரிதாக இல்லை. பள்ளி, பண்பாடு, உள்ளூர்த் திட்டங்கள் ஆகியவற்றை ஒருங்கிணைப்பதோடு சரி. அப்பகுதிப் பள்ளிகளில் செர்பியக் குழந்தைகள் எல்லாப் பாடங்களையும் தங்கள் மொழியிலும் சிரில்லிக் எழுத்திலும் படிக்கலாம். தடையுரிமை இல்லாதவர்கள் கூட்டு மன்றத்தை வைத்திருக்கிறார்கள். தடையுரிமை உள்ளவர்களிடம் அது இல்லை.

புத்தகப்பூச்சி:

நல்ல ஒப்பீடு, நடுக்கடல். ஒரே ஒரு திருத்தம் சேர்க்கிறேன். கூட்டு மன்றம் 1997-இல் எளிதாக வந்ததற்குக் காரணம் செர்பியத் தலைமையின் நிதானம் மட்டும் அன்று. அப்போது அங்கே ஐக்கிய நாடுகளின் படையும் நிர்வாகமும் இருந்தன, தூஜ்மனுக்கு அப்பகுதி குண்டு வெடிக்காமல் கைக்கு வர வேண்டியிருந்தது. மேலும் குரோவேசியா என்ற நாட்டின் எல்லையை அதன்பின் பெல்கிரேட் கேள்வி கேட்கவில்லை. கொசோவோவில் அந்தக் கேள்வியே இன்னும் தீரவில்லை. எஸ்.டி.எஸ்.எஸ். போல ஒரு கட்சி அங்கே உருவாகாததற்கு இதுவே முதல் காரணம்.

ஆனைமலையான்:

எதிர்பார்த்ததை விடச் செறிவான பதில்கள். 2024-ஐப் பற்றி நானே எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 17 தேர்தலில் எச்.டி.இசட். அணி 61 இடங்களுக்கு இறங்கியது. 14 இடங்கள் வென்ற வலதுசாரித் தாயக இயக்கம் ஆதரவுக்கு ஒரு நிபந்தனை வைத்தது: எஸ்.டி.எஸ்.எஸ். அரசில் இருக்கக் கூடாது. செர்பிய தேசிய மன்றம் வெளியிடும் ‘நோவோஸ்தி’ வார இதழுக்கு அரசு வழங்கும் நிதியின் மீதும் அக்கட்சிக்குக் கண். அதன் முன்னணித் தலைவர் இவான் பெனாவா, அப்போது வுகோவாரின் மேயர், முன்பு எச்.டி.இசட்.-காரர். பிளென்கோவிச் அதிகம் தயங்கவில்லை. பிற சிறுபான்மைப் பிரதிநிதிகள் சிலரின் ஆதரவோடு மே 17 அன்று புதிய அரசு அமைந்தது. புபோவாட்ஸ், திரகானா யெட்ஸ்கோவ், அதுவரை துணைப் பிரதமராக இருந்த ஆன்யா ஷிம்பிராகா ஆகிய மூவரும் வெளியே நின்றார்கள்.

கயல்விழி 2020-இல் சுட்டிய க்னின், க்ரூபோரி நிகழ்ச்சிகளை நான் மதிக்கிறேன். ஆனால் 76-க்கு ஒன்றும் குறையக்கூடாது என்ற நிலையில் நடந்தவை அவை. கணக்கு மாறியதும் அந்த நல்லிணக்கத்தைக் கட்டிக் காக்க எச்.டி.இசட்.-க்குள் யாரும் முன்வரவில்லை. இருபது ஆண்டுகளில் பெரும்பான்மைக் கட்சியின் அடிமட்டத்தில் ஒரு நண்பர் வட்டத்தைக்கூட எஸ்.டி.எஸ்.எஸ்.-ஆல் உருவாக்க இயலாமல் போனதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. தலைவர்களோடு மட்டுமே உறவு வைத்திருந்தார்கள்.

தாமிரபரணி:

அடிமட்டத்தில் நண்பர்களைத் தேடு என்று மூன்று சதவீதத்தினரிடம் சொல்வதற்கு முன், மறுபக்கத்தில் கதவு திறந்திருந்ததா என்றும் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் க்னின் அருகே உஸ்தோலியே என்ற ஊரில் தேநீர்க்கடையில் பெல்கிரேட் அணியின் கால்பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை முகமூடி அணிந்தோர் தாக்கினார்கள். குழந்தை ஒன்றும் காயமடைந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால யாசெனோவாட்ஸ் வதைமுகாம் இருந்த ஊரில், அதை நடத்திய உஸ்தாஷா என்ற குரோவேசியப் பாசிச இயக்கத்தின் முழக்கம் பொறித்த பலகை 2016-இல் வைக்கப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டு கழித்தே அகற்றப்பட்டது. அதுவும் பக்கத்து ஊரான நோவ்ஸ்காவுக்கு இடம் மாற்றப்பட்டதோடு சரி. அந்த ஆண்டுகளில் செர்பிய, யூத, பாசிச எதிர்ப்பு அமைப்புகள் அரசு நினைவு நிகழ்ச்சியைப் புறக்கணித்துத் தனியே அஞ்சலி செலுத்தின. 2020-இல்தான் மீண்டும் ஒன்றாக நின்றார்கள். கூட்டணியில் இருந்துகொண்டே இந்தப் புறக்கணிப்பையும் செய்தது எஸ்.டி.எஸ்.எஸ். என்பதை அதன் கணக்கில் வரவாக எழுத வேண்டும்.

நடுக்கடல்:

ஒரு கேள்வி. மக்கள்தொகை இப்படிக் குறைந்துகொண்டே போனால், அந்த மூன்று இடங்களுக்கே ஆபத்து வருமா?

பழைய அஞ்சல்காரர்:

உடனடியாக இல்லை. 2002-ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டப்படி, மக்கள்தொகையில் 1.5 சதவீதத்துக்கு மேற்பட்ட சிறுபான்மையினருக்குக் குறைந்தது ஓர் இடம், அதிகபட்சம் மூன்று. இந்த வரையறைக்குள் வருகிற ஒரே சிறுபான்மையினர் செர்பியர்கள்தான். அவர்களுக்கு மூன்று என்று நிர்ணயித்திருப்பது தேர்தல் சட்டம். 3.2 சதவீதம் என்பது வரம்புக்கு இரு மடங்கு என்பதால் ஓர் இடமாவது உறுதி. ஆனால் ‘ஒன்று முதல் மூன்று வரை’ என்ற இடைவெளி இருக்கும் வரை, மூன்றை ஒன்றாகக் குறைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு அரசியலமைப்புச் சட்டத்தைத் தொட வேண்டிய அவசியம் எழாது. தாயக இயக்கம் போன்ற கட்சிகளின் கையில் அரசின் ஆயுள் இருக்கும்போது, அந்தச் சொல்லாட்சியை எஸ்.டி.எஸ்.எஸ். எவ்வளவு கவனமாகப் படிக்கிறது என்பது, கூட்டணியில் இருப்பதை விட முக்கியமானது.